யமஹா 701 சிலிண்டருக்குப் புது ஸ்லீவ்: 81 போதுமா, 84 போகலாமா?

அரியமான் அலை

வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரையில் என் மைத்துனர் வாடகைக்கு விடும் பழைய யமஹா வேவ்ரன்னரின் (கடலில் ஓட்டும் ஜெட் ஸ்கீ) எஞ்சினைக் கழற்றி மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். டூ ஸ்ட்ரோக், 701 சிசி, இரண்டு போரும் (பிஸ்டன் ஓடும் துளை) ஒரே வார்ப்பில், இரண்டுக்கும் ஒரே கார்புரேட்டர். முழு வேகத்தில் போகும்போது பின் சிலிண்டர் பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனின் உலோகம் உருகி இழுபட்டு, ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிப்போயிருக்கிறது. போரின் மேல் நகத்தை ஓட்டினால் மாட்டுகிறது. முன் சிலிண்டரில் ஒரு கீறல்கூட இல்லை.

கம்பெனி அளவு 81 மி.மீ. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் இரண்டு பக்கமும் 82 வரை போர் போட்டுவிட்டார். அதற்கு மேல் ஓவர் சைஸ் பிஸ்டன் தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே புது ஸ்லீவ் (போருக்குள் உட்காரும் இரும்புக் குழாய்) இறக்கியாக வேண்டும். இறக்குவதுதான் இறக்குகிறோம், பெரிதாக இறக்கி 84 மி.மீ. பிஸ்டன் போட்டால் என்ன என்று மைத்துனர் கேட்கிறார். யமஹாவின் 760 எஞ்சினில் இதே 68 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 84 பிஸ்டன்தானே ஓடுகிறது என்பது அவர் வாதம். மதுரையில் இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பலூர் சுங்கச்சாவடி

வைகையே கடலுக்குப் போகாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. கடலில் ஓடுவதை நீங்கள் மதுரைக்குத் தூக்கி வருகிறீர்கள். நடக்கட்டும், நான் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்.எக்ஸ். வெறியன்

யோசிக்கவே வேண்டாம் அண்ணே, 84 போடுங்கள். நம் ஊரில் ஆர்.எக்ஸ். 100-க்குப் போர்ட் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் ஜன்னல்) திறந்து, ஹெட் சீவி, எத்தனை வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது! 98 சிசி வண்டியில் செய்ததை 701 சிசியில் செய்ய என்ன தயக்கம்? டூ ஸ்ட்ரோக் எல்லாம் ஒன்றுதான். ஸ்லீவ் இறக்கும்போதே எக்ஸாஸ்ட் போர்ட்டையும் இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கிவிடச் சொல்லுங்கள். அலை மேல் பறக்கும்.

புதூர் பட்டறை

தம்பி வெறியன், பறக்கும் என்பது சரி. எங்கே போய் இறங்கும் என்பதுதான் கேள்வி.

அரியமான் ஐயா, புதூர் தொழிற்பேட்டையில் எங்கள் வேலையே போர், ஹோனிங் (போரின் உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), லைனர் (ஸ்லீவ்)தான். லாரி, டிராக்டர் லைனர் பெருவாரி. டூ ஸ்ட்ரோக் ஸ்லீவ் அவ்வப்போது வரும். முதலில் ஒன்று கேட்கிறேன். பின் சிலிண்டர் ஏன் பிடித்தது என்று பார்த்தீர்களா? ஒரே கார்புரேட்டர் இரண்டுக்கும் ஊட்டுகிறது. அதன் ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைத்திருந்தாலோ, பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலோ இரண்டு பிஸ்டனும் அடையாளம் காட்டியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் எக்ஸாஸ்ட் பக்கம் உருகியிருக்கிறது என்றால், அந்த ஓர் அறைக்குள் மட்டும் எங்கிருந்தோ காற்று போகிறது, அல்லது அந்தச் சிலிண்டருக்கு மட்டும் தண்ணீர் சரியாகப் போகவில்லை. பிஸ்டனைச் சுற்றி நாலு மூலையிலும் உராய்ந்திருந்தால், குளிர்ந்த எஞ்சினைச் சூடேற விடாமல் முறுக்கியதாகச் சொல்வேன். உங்களுடையது அப்படி இல்லை.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் கலவை போகும் வழிதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அறை தனி. பின்பக்கக் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்தால் பிஸ்டன் மேலே ஏறும்போது அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும். அதற்குக் கார்புரேட்டரில் என்ன ஜெட் போட்டாலும் சரிப்படாது. நாளைக்கு நான் தங்கத்தில் ஸ்லீவ் போட்டுக் கொடுத்தாலும் அந்தச் சீல் இருக்கும்வரை அது மறுபடி பிடிக்கும்.

எஞ்சினை மாட்டுக்கறிக் கடைக் கறி மாதிரிப் பிரித்துப் போட்டுவிட்டீர்களா, இல்லை இன்னும் அடிப்பாகம் முழுதாக இருக்கிறதா? முழுதாக இருந்தால் பழைய சிலிண்டரையும் ஹெட்டையும் மேலே வைத்து மூடி, எக்ஸாஸ்ட் வாய், கார்புரேட்டர் வாய், பல்ஸ் குழாய் (கிராங்க் அறையிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போகும் சின்னக் குழாய்) எல்லாவற்றையும் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். கைப்பம்பு, சின்ன மீட்டர் வைத்து 6 முதல் 8 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள், நல்ல சீலும் உதடு பிரிந்துவிடும். மீட்டர் முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே வாருங்கள். குமிழி வரும் இடம் உங்கள் வில்லன்.

84 பற்றிப் பிறகு பேசுவோம்.

பணிநிறைவு இயற்பியல்

உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். எஞ்சின் பிரித்த அனுபவம் எனக்குக் கிடையாது, கணக்கு மட்டும் போடத் தெரியும்.

81 மி.மீ. போரும் 68 மி.மீ. ஸ்ட்ரோக்கும் இரண்டு சிலிண்டரும் என்றால் கொள்ளளவு 701 சிசி. ஏற்கெனவே 82-க்குப் போர் போட்டபோதே அது 718 ஆகிவிட்டது. அந்தப் பதினேழு சிசி வித்தியாசத்தை உங்கள் மைத்துனர் ஒருநாளாவது உணர்ந்தாரா? 84 போனால் 754. இப்போதிருப்பதைவிட ஐந்து சதவீதம் கூடுதல். மற்ற எல்லாம் அப்படியே இருந்து, ஐந்து சதவீதம் இழுவை கூடினாலும், தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறுவதால் கடைசி வேகத்தில் அது ஒன்றிரண்டு சதவீதமாகக் கரைந்துவிடும்.

இன்னொன்று. ஸ்லீவின் சுவர் 4.5 மி.மீ. என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 81 போருக்கு வெளிவிட்டம் 90. அதே 90 வெளிவிட்டத்தில் 84 வெட்டினால் சுவர் 3 மி.மீ.தான் மிஞ்சும். சுவர் குறையக் கூடாது என்றால் வெளிவிட்டம் 93 ஆக வேண்டும். அப்படியானால் அலுமினிய உடலில் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் சீவ வேண்டும். அந்த அலுமினியத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டறைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

புதூர் பட்டறை

வாத்தியார் ஐயா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். தண்ணீர் அறைதான். அதுவும் உப்புத் தண்ணீர் ஓடிய அறை. பழைய ஸ்லீவை எடுத்த பிறகுதான் அந்த அலுமினியம் எத்தனை பள்ளம் விழுந்து கிடக்கிறது என்று தெரியும். அதில் மேலும் ஒன்றரை மில்லி சீவ எனக்கு மனம் வராது.

760-இல் 84 ஓடுகிறதே என்ற கேள்விக்கு: ஆமாம், ஓடுகிறது. அந்தச் சிலிண்டரை வார்க்கும்போதே அதற்கேற்ற கலவை வழிகள், சுவர் கனம், ஹெட் குழிவு எல்லாம் வைத்து வார்த்திருக்கிறார்கள். உங்களுடைய சிலிண்டரில் போரை மட்டும் அகலப்படுத்தினால் ஹெட் குழிவு போரைவிடச் சிறியதாகிவிடும், அதையும் கடைய வேண்டும். ஹெட் கேஸ்கெட்டின் ஓட்டை போரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைப் போட்டால் அதன் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு, பழுக்கக் காய்ந்து, தீப்பொறி வருவதற்கு முன்பே கலவையைக் கொளுத்திவிடும். பிஸ்டன் கனம் கூடும், அதிர்வு கூடும். ஐந்து சதவீதத்துக்கு இத்தனை வேலை.

வெறியன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. சாலையில் ஆர்.எக்ஸ். 100 ஓட்டும்போது நீங்கள் கியர் மாற்றுகிறீர்கள், சிக்னலில் நிற்கிறீர்கள், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விடுகிறீர்கள். பிஸ்டனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. ஜெட் ஸ்கீக்குக் கியரும் இல்லை, இறக்கமும் இல்லை. முழுப் பாரத்தில், முழு வேகத்தில், பெட்ரோல் தீரும்வரை ஓட்டுவார்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தூக்கினால் மேல் வேகத்தில் சக்தி கூடும், அடி வேகத்தில் குறையும். வாடகைக்கு ஓடும் வண்டியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து கிளம்ப வேண்டியது அடி வேகத்தில்தான்.

ஆர்.எக்ஸ். வெறியன்

சரி, போர்ட்டைத் தூக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர்ட் விளிம்பைச் சுத்தம் செய்வது கூடாது என்று சொல்லிவிடாதீர்கள். புது ஸ்லீவில் ஜன்னல்கள் எல்லாம் ஏனோதானோவென்றுதான் வெட்டி வருகின்றன.

புதூர் பட்டறை

அதில் நீங்கள் சொல்வதுதான் சரி, இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. லாரி லைனர் வெறும் குழாய். டூ ஸ்ட்ரோக் ஸ்லீவில் சுற்றிலும் ஜன்னல்கள். அலுமினிய உடலில் இருக்கும் வழியும் ஸ்லீவின் ஜன்னலும் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு மில்லி தள்ளி நின்றால் கலவை ஓட்டம் அந்தப் படியில் மோதிச் சிதறும். ஒரு சிலிண்டர் ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் ஓடும்.

பிறகு ஜன்னல் விளிம்பு. ரிங் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும் பொருள். ஜன்னலைக் கடக்கும்போது கொஞ்சம் பிதுங்கும். விளிம்பு கூராக இருந்தால் கதவிடுக்கில் விரல் மாட்டியது போல மாட்டி, ரிங் உடையும். அதனால் போர் போட்ட பிறகு எல்லா ஜன்னலுக்கும் மேலும் கீழும் கையால் சாய்வு கொடுக்க வேண்டும். சின்னக் கிரைண்டரில் கல்லை வைத்துச் சரித்து, அதன் மேல் எமரித் தாளால் உருட்டி, கடைசியில் விரலை உள்ளே விட்டு வழித்துப் பார்ப்பேன். தோல் எங்கும் இடறக் கூடாது. இதைச் செய்யாமல் ஹோன் மட்டும் போட்டுப் பளபளவென்று கொடுக்கும் இடங்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும்.

அரியமான் அலை

காற்று ஏற்றிப் பார்த்தோம். ஏழு பிஎஸ்ஐ-யில் நிற்கவே இல்லை. பின்பக்கம், வண்டியைத் தள்ளும் ஜெட் பம்புக்கு இணைப்புப் போகும் பக்கத்துக் கிராங்க் சீலில் நுரை நுரையாக வந்தது. மைத்துனர் பேச்சு மூச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 84 பற்றி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

இப்போது இரண்டு சந்தேகம். சிலிண்டரைச் சூடாக்கித்தான் ஸ்லீவ் இறக்குவார்கள் என்கிறார்கள். அது பிடித்து நிற்கும் என்று என்ன நிச்சயம்? பின் போருக்கு மட்டும் ஸ்லீவ் போட்டால் போதுமா, இரண்டுக்குமா?

பணிநிறைவு இயற்பியல்

முதல் சந்தேகத்துக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், வார்ப்பிரும்பு சுமார் 11. 90 மி.மீ. துளையை 30 டிகிரியிலிருந்து 180-க்குச் சூடாக்கினால் 0.31 மி.மீ. விரியும். ஸ்லீவைத் துளையைவிட 0.08 மி.மீ. பெரிதாகக் கடைந்திருந்தாலும் 0.2-க்கு மேல் இடைவெளி கிடைத்துவிடும், தானாக வழுக்கி இறங்கும். ஆறியதும் அலுமினியம் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஓடும்போது என்ன ஆகும் என்பதுதான் சுவையானது. தண்ணீர் ஒழுங்காக ஓடினால் அலுமினியம் 70 டிகிரியில் இருக்கும், உள்ளே ஸ்லீவ் 110 என்று வையுங்கள். இரண்டும் ஏறக்குறைய 0.08 மி.மீ. விரிகின்றன. பிடி அப்படியே இருக்கிறது. தண்ணீர் நின்றுபோய் அலுமினியம் 150-க்கும் ஸ்லீவ் 170-க்கும் ஏறினால் அலுமினியம் 0.25 விரியும், இரும்பு 0.14தான். பிடி முழுதாகப் போய்விடும். ஒருமுறை தண்ணீரில்லாமல் காய்ந்த எஞ்சினில் ஸ்லீவ் இடம் பெயர்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

புதூர் பட்டறை

ஊகமே தேவையில்லை ஐயா, அப்படி வந்த சிலிண்டர்கள் இங்கே மூலையில் கிடக்கின்றன.

சூடாக்குவதை அடுப்பறையில்தான் செய்ய வேண்டும், கேஸ் நெருப்பை நேராகக் காட்டக் கூடாது. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக இருந்தால் வார்ப்பு கோணிக்கொள்ளும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: சாதாரண 60/40 ஈயப்பற்றுக் கம்பியில் ஒரு துண்டை வார்ப்பின் மேல் வையுங்கள். அது 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். இளகியதும் இறக்கலாம். (வீட்டு ஓவனில் முயல வேண்டாம். எண்ணெய்ப் புகை வாடை மாதக்கணக்கில் கேக்கில் இருக்கும், வீட்டில் பதில் சொல்ல முடியாது.)

ஸ்லீவ் அதற்கு முன்பே ஐஸ் பெட்டியில் இருக்கும். எக்ஸாஸ்ட் ஜன்னலின் நடுக்கோட்டை ஸ்லீவின் தலையிலும் சிலிண்டரின் தலையிலும் கீறி வைத்துக்கொள்வேன். ஸ்லீவை எடுத்து, மேலே படிந்த பனியைத் துடைத்து, கோடும் கோடும் சேரும்படி ஒரே மூச்சில் விட வேண்டும். உள்ளே போன சில நொடிகளில் பிடித்துவிடும், அதன் பிறகு திருப்ப முடியாது. உடனே மேலே கனமான இரும்பை வைத்து அழுத்தி, முழுதாக ஆறும்வரை விட வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது தலை கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். ஆறியதும் மேல்தளத்தை லேசாகச் சீவி, பிறகு போர், பிறகு ஜன்னல் சாய்வு, கடைசியில் ஹோன்.

இரண்டாவது சந்தேகம். முன் போர் நன்றாக இருந்தால் பின் போரில் புது ஸ்லீவ் இறக்கி, அதை 82-க்கே வெட்டி, முன்னால் இருக்கும் அளவிலேயே பிஸ்டன் போட்டுவிடலாம். 81-ம் இல்லை, 84-ம் இல்லை. ஒரு ஸ்லீவ் செலவோடு முடியும்.

பாம்பன் வத்தை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் அவுட் போர்டு எஞ்சின் வைத்துத் தொழில் செய்கிறவர்கள். பட்டறை அண்ணன் சொல்வதில் மற்றதெல்லாம் சரி, கடைசியில் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு போரும் ஒரே வார்ப்பு என்கிறீர்கள். பின் போருக்காகச் சூடாக்கினால் முன் ஸ்லீவும் சேர்ந்துதானே தளரும்? கடலில் ஓடிய பழைய ஸ்லீவ் ஒருமுறை தளர்ந்து மறுபடி உட்கார்ந்தால் பழைய இடத்தில் பழைய வட்டமாக உட்காரும் என்று யார் உறுதி சொல்வது? இரண்டையும் மாற்றி 81-க்கு வெட்டுங்கள். நாளைக்கு ஒன்று தேய்ந்தால் 82 வரை போக இடம் இருக்கும். கரையில் கழற்றி, பஸ்ஸில் ஏற்றி, மதுரைக்குக் கொண்டுபோய் வருகிற அலைச்சலே ஸ்லீவ் விலைக்குச் சமம்.

புதூர் பட்டறை

பாம்பன்காரர் சொல்வதை மறுக்க மாட்டேன். ஸ்லீவின் தலையில் விளிம்பு இருப்பதால் நிமிர்த்தி வைத்துத் தகட்டால் இறுக்கிவிட்டால் முன் ஸ்லீவ் கீழே விழாது. ஆனால் வட்டம் மாறவில்லை என்று ஆறிய பிறகு போர் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாறியிருந்தால் 82-இல் வெட்ட இடமில்லை, அதுவும் போய்விடும். கையில் காசு இருந்தால் இரண்டும் 81. இல்லாவிட்டால் ஒன்று 82. நான் மறைக்கவில்லை, முடிவு உங்களுடையது.

கப்பலூர் சுங்கச்சாவடி

ஏதாவது பைக் பிஸ்டன் 81 மில்லியில் கிடைத்தால் போட முடியாதா? அமெரிக்காவிலிருந்து வரவழைத்துச் சுங்கவரி கட்ட வேண்டுமா? சுங்கம் என்றாலே எனக்கு ஆகாது.

புதூர் பட்டறை

விட்டம் ஒன்றுதான் உங்கள் கண்ணில் படுகிறது. பிஸ்டன் பின்னின் விட்டம், பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரம், பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) நீளம், இவை மூன்றும் ஒத்துவர வேண்டும். பாவாடை குட்டையாக இருந்தால் பிஸ்டன் மேலே போகும்போது எக்ஸாஸ்ட் ஜன்னல் கீழே திறந்து, கிராங்க் அறைக் கலவை நேராகப் புகைக்குழாய்க்குப் போகும். அதற்கும் மேல், டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் சுற்றாமல் இருக்க ஒரு சின்ன ஆணி இருக்கும். ரிங்கின் இரண்டு முனையும் அங்கே சந்திக்கும். அந்த இடம் எந்த ஜன்னலுக்கும் நேராக வரவே கூடாது. வந்தால் முனை வெளியே பாய்ந்து கொக்கி போட்டுவிடும். பைக் பிஸ்டனில் ஆணி எங்கே இருக்கும் என்று அந்த பைக்குக்குத்தான் தெரியும். இந்த எஞ்சினுக்கென்று வந்த பிஸ்டனையே வாங்குங்கள், தலையில் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள்.

அரியமான் அலை

இரண்டு ஸ்லீவும் 81-க்கே என்று முடிவு செய்துவிட்டோம். பிஸ்டன் வார்ப்பா, ஃபோர்ஜ் செய்ததா (அழுத்தி அடித்து உருவாக்கியது), எதை வாங்க?

புதூர் பட்டறை

ஃபோர்ஜ் பிஸ்டன் உறுதியானது, ஆனால் அதிகம் விரியும். அதற்குப் போரில் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். குளிரில் கொஞ்சம் தட்டும். சூடேறும் முன் முறுக்கினால் நாலு மூலையிலும் பிடிக்கும். வாடகைக்கு ஓட்ட வருகிறவன் சூடேறக் காத்திருப்பானா? வார்ப்புப் பிஸ்டன் போதும். எதுவானாலும் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இடைவெளி எவ்வளவு என்று போட்டிருக்கும், அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பாம்பன் வத்தை

எஞ்சின் திரும்பி வந்த பிறகு நடப்பதையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பம்ப் கழற்றப்பட்டிருந்தால் முதல் டாங்குக்கு 25-க்கு 1 கலந்து ஓட்டுங்கள், பிறகு 50-க்கு 1. பைக் ஆயில் வேண்டாம், டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் நீர்வண்டி ஆயில்தான். முதல் டாங்கில் முழு வேகம் கிடையாது.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கலவையை அது மெலிய வைக்கும் என்பதால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். அதைவிட மோசமானது ஒன்று: எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் பாதி டாங்கோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் படிந்துவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் குழாய் ஆயிலே இல்லாத திரவத்தைத்தான் முதலில் எஞ்சினுக்குக் கொடுக்கும். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், நடுவில் கோடு தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

அரியமானில் கரையோரம் ஆழம் இல்லை. இரண்டடித் தண்ணீர் வரும்வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்ப வேண்டும், இல்லாவிட்டால் மணலை உறிஞ்சித் தண்ணீர் வழியை அடைக்கும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசும்போது எஞ்சினைக் கிளப்பிய பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது குழாயை முதலில் மூடிவிட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் வந்துவிடும்.

ஆர்.எக்ஸ். வெறியன்

அண்ணே, கம்ப்ரஷன் எவ்வளவு வைக்கலாம்? ஹெட்டைக் கொஞ்சம் சீவினால்?

புதூர் பட்டறை

நீங்கள் திருந்த மாட்டீர்கள் தம்பி. பங்க் பெட்ரோலுக்கு 150 பிஎஸ்ஐ-யைத் தாண்ட வேண்டாம். ஹெட்டைச் சீவுவதற்கு முன் ஈயப்பற்றுக் கம்பியைப் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி நசுக்கி, கனத்தை அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் கை வைக்காதீர்கள்.

அரியமான் ஐயா, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சிலிண்டர், ஹெட், இரண்டு ஸ்லீவ், இரண்டு பிஸ்டன், ரிங், பெட்டித் தாள் எல்லாம் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பிஸ்டனைக் கையில் வைத்து மைக்ரோமீட்டரில் அளக்காமல் நான் போர் போட மாட்டேன். கிராங்க் சீல் இரண்டு பக்கமும் புதிது வாங்குங்கள், கசிந்த பக்கத்துக்கு மட்டும் வாங்கி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.